பூம்புகாரிலிருந்து ஒரு நேயர்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. பதினொன்றரைக்குப் போனால் காபியும் முறுக்கும் கிடைக்கும். இடைப்பட்ட அரைமணி நேரம் தொலைக்காட்சியில் டாக்டர் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். உறவினர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கேற்றபடி பஸ் ஏறுகிறார்கள்.

எத்தனை வருடமாகப் பார்க்கிறாள் என்பது அக்காவுக்கே நினைவில்லை. நிகழ்ச்சியை நடத்துகிற பெண் மூன்று முறை மாறிவிட்டார். பின்னால் இருக்கும் பூச்சாடி மாறிவிட்டது. ஒரு வாரம் இதய டாக்டர், ஒரு வாரம் எலும்பு டாக்டர், ஒரு வாரம் தோல் டாக்டர். யார் வந்தாலும் நேயர் கேள்வியை முடிப்பதற்குள் அக்கா நோயைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது வாயுவாக இருக்கும். டாக்டர் வேறு ஏதாவது சொன்னால், "இவருக்கு அனுபவம் பத்தாது" என்பாள். டாக்டரும் வாயு என்று சொல்லிவிட்டால் எதுவும் சொல்லமாட்டாள்; கூடத்தில் இருப்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

அத்தானுக்கு இது கேலி. "ஊரான் வீட்டு மூட்டுவலியை உட்கார்ந்து பாக்குறா பாரு மாப்ள" என்பார் என்னிடம். ஆனால் அந்த அரைமணி நேரமும் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பக்கம் புரளாது. இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். எங்கள் எந்தப் பக்கத்திலும் அரைமணி நேரத்துக்குச் சரக்கு இருந்ததில்லை.

அவருக்கென்று தனியாக ஒன்று உண்டு. சாயங்காலம் வானொலியில் வரும் உழவர் நிகழ்ச்சி. பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு அதிகாரி சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், "இவரு வயல்ல காலே வச்சதில்ல" என்று தீர்ப்புச் சொல்வார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வானொலியைத் திருப்புவார். வானொலி சொன்ன எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்காமல் ஒரு நாள் இருந்தும் பார்த்ததில்லை. அக்காவும் அப்படித்தான். நடைப்பயிற்சியின் நன்மைகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். எல்லாம் உட்கார்ந்தபடி தெரிந்துகொண்டவை.

நான் வேலை பார்த்த நாளிதழில் வாசகர்களின் மருத்துவக் கேள்விகளைப் பிரித்து டாக்டருக்கு அனுப்பும் வேலை சில காலம் என்னிடம் இருந்தது. பாதிக் கடிதங்கள் 'என் நண்பருக்கு' என்று தொடங்கும். அந்த நண்பருக்கு எந்த இடத்தில் அரிக்கிறது, எப்போது அரிக்கிறது, அரிக்கும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதுவரை எழுதியிருப்பார்கள். இவ்வளவு நெருக்கமான நண்பர்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறார்களா என்று நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்போம்.

போன ஐப்பசியில் ஒரு வாரம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்ததால் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் காலையில் வயலுக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அந்த வாரம் நான் கவனித்த ஒரே புதுமை, அவர் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டிருந்ததுதான். கேட்டேன்.

"பாதத்தைக் கதகதப்பா வச்சுக்கணும்னு டாக்டர் சொன்னாரே, நீ பாக்கலையா?"

"எந்த டாக்டர்?"

"வியாழக்கிழமை டாக்டர்."

அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர் ஒன்றைக் கேட்டு நடந்திருக்கிறார்.

வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குப் பேச்சு சர்க்கரை நோய் பற்றி. பதினொரு மணிக்கு அக்காவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வயலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட அத்தான், விதைநெல் கோணிகளை அடுக்கி வைக்கவேண்டும் என்று சொல்லிப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நடவு நேரத்தில் விதைநெல்லுக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பாய் பேசினார். துபாயில் இருக்கும் மகனுக்கு இங்கிருந்து மாத்திரை அனுப்பலாமா என்று கேட்டார். அடுத்தது பூம்புகார்.

"வணக்கம்ங்க. டாக்டருக்கும் வணக்கம்." குரல் கட்டையாக இருந்தது, தொண்டையை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"உங்க டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார் நடத்துகிற பெண்.

"அது என் கையில இல்லீங்க."

"போன் பண்ணத் தெரியுது, டி.வி.யைக் குறைக்கத் தெரியல" என்றாள் அக்கா.

"என் நண்பருக்குங்க" என்றார் பூம்புகார்காரர். "மீன்பிடிக்கிறவர். சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. கால்ல ஒரு புண்ணு. ஆற மாட்டேங்குது."

"எப்படி வந்துச்சு?"

"நாத்து முடியைத் தூக்கிட்டு வரப்புல வந்தப்ப ஏதோ முள்ளு குத்தியிருக்குங்க. குத்தினதே தெரியல."

டாக்டர் குறுக்கிட்டார். "மீன்பிடிக்கிறவர்னு சொன்னீங்களே?"

"கொஞ்சம் நெலமும் உண்டுங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் கீரைக்காரம்மா குரல் கொடுத்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள்: "கீரை வேணாம்மா. நேத்து வாங்கினதே அப்படியே கெடக்கு."

அக்கா குரல் மூன்று வீடு தாண்டும். கீரைக்காரம்மா போய்விட்டார். புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாறு வினாடி போயிருக்கும். தொலைக்காட்சிக்குள்ளிருந்து, பூம்புகார்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, தெளிவாக ஒரு பெண்குரல் வந்தது. "கீரை வேணாம்மா. நேத்து வாங்கினதே அப்படியே கெடக்கு."

அக்கா முதலில் சிரித்தாள். "அங்கேயும் கீரை மிச்சமாம்டா." பிறகு கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

நான் சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்தாள். அணைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினாள். பூம்புகாரிலும் சத்தம் கூடியிருக்க வேண்டும்; நடத்துகிற பெண் மறுபடி குறைக்கச் சொன்னார்.

"ரெண்டு வாரம் ஆவுதுங்க" என்றார் அத்தான் தொலைக்காட்சியில். இப்போது அது அத்தான் குரல் என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. தொண்டையை அடைக்க மறந்துவிட்டார். "சுண்டுவிரலுக்குக் கீழே. ஓரமா கறுத்திருக்கு. வலி இல்லைங்க. அதனாலதான் நண்பர் பெரிசா எடுத்துக்கல."

"வலி இல்லைங்கறதுதாங்க பயம். வாடை வருதா?"

"நேத்துலேர்ந்து."

"வீட்ல சொல்லிட்டாரா?"

"இல்லீங்க. நடவு முடியட்டும்னு இருக்காரு. சொன்னா அவங்க சேத்துல எறங்க விடமாட்டாங்க. நல்லவங்கதான். பயந்துக்குவாங்க. அவங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு, காலை எடுத்தாங்க."

அது எங்கள் அப்பா. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பிறகு அவரை அதிக நாள் பார்த்துக்கொள்ள எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அக்காதான்.

"உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க" என்றார் டாக்டர். "நடவு முடிஞ்சு இல்ல, நாளைக்கு இல்ல. இன்னிக்கே போகணும். தள்ளிப்போட்டா விரலோட நிக்காது."

"சொல்றேங்க. நன்றிங்க."

கும்பகோணத்திலிருந்து அடுத்த நேயர் வந்தார். கதவு திறந்தது. அத்தான் கையில் சும்மா ஒரு கோணியை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, இன்னிக்கு என்ன வியாதி?"

"பூம்புகார்ல ஒருத்தருக்குக் கால்ல புண்ணாம்" என்றாள் அக்கா.

"ஓகோ."

"டாக்டர் இன்னிக்கே ஆஸ்பத்திரி போகச் சொன்னாரு. போவாருங்கறீங்களா?"

அத்தான் கோணியை மடித்தார். "அவருக்கும் நடவு இருக்கும்ல."

"மீன்காரருக்கு ஏதுங்க நடவு?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"சாக்ஸைக் கழட்டுங்க" என்றாள் அக்கா.

அவர் கழற்றவில்லை. அவளே உட்கார்ந்து கழற்றினாள். அத்தான் டாக்டரிடம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, ஊரையும் நண்பரையும் தவிர. அக்கா குனிந்து புண்ணைப் பார்த்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டில் ஒன்றை எதிர்பார்த்து நின்ற அத்தானுக்கு அது தாங்கவில்லை.

"நாளைக்கு நடவு ஆளுங்க வர்றாங்க. நாத்து வயசாயிப்போச்சு. இன்னும் ரெண்டே நாள்..."

"நான் எறங்குறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குக் காலைப் பத்தி என்ன தெரியும்? இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து டாக்டரைப் பாத்தீங்கல்ல" என்றாள் அக்கா. அதற்குள் என்னிடம் கார் சொல்லச் சொல்லிவிட்டாள்.

தெருமுனையில் பால் சொசைட்டிக்காரர் காரை நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்தார். "பூம்புகாருங்களா?" என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே நிகழ்ச்சிதான் ஓடுகிறது என்பது அத்தானுக்குத் தெரியாததில்லை. கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்பது மட்டும், போன் கையில் இருக்கும்போது, நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார். இப்போது விரலைக் காப்பாற்ற முடியுமா என்பதை மூன்று நாள் கழித்துத்தான் சொல்லமுடியும். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். நான் கூட இருந்தேன். அக்கா அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த மூன்று நாளும் அத்தான் விரலைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வயலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போன் போடுவார், அவள் எடுக்கமாட்டாள். என்னைத்தான் திருப்பிக் கூப்பிடுவாள்.

"என்னவாம்?"

"நெருக்கி நடச் சொல்லு, நாத்து முத்திப்போச்சுன்னு சொல்றாரு."

"நெருக்கித்தான் நடுறாங்க. படுக்கச் சொல்லு."

மூன்றாம் நாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. அக்கா மறுநாள் காலை வந்தாள். கணுக்கால் வரை கழுவியும் போகாத சேற்றுக் கோடு. நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "மத்தது நாலும் இருக்குல்லம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நட்டாச்சு" என்றாள்.

இனிமேல் செருப்பு இல்லாமல் எங்கேயும் கால் வைக்கக்கூடாது, சேறு கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேதான் சிக்கல். பயிர் நிற்கிற வயலில், வரப்பில்கூட, அத்தான் செருப்போடு ஏறியதில்லை. அவர் அப்பாவும் ஏறியதில்லை. சாமி கும்பிடும் இடத்தில்கூட இரண்டாம் பேச்சு பேசுகிற மனிதர், இதில் பேசமாட்டார். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அது கொல்லைப்புறத்தில் பாம்பு வராமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

வியாழக்கிழமைகள் வழக்கம்போல நடக்கின்றன. அக்கா வாயு என்கிறாள். அத்தான் செய்தித்தாளை மடித்துவிட்டு நேராகவே பார்க்கிறார்.

தை பிறந்து நான் போயிருந்தபோது கதிர் முற்றி இருந்தது. சாயங்காலம் மூன்று பேரும் வயலுக்குப் போனோம். ரோட்டோரம் மதகுக் கட்டைவரை அத்தான் வந்தார். அதற்குமேல் மண். செருப்போடு இறங்கமாட்டார், செருப்பைக் கழற்றினால் அக்கா விடமாட்டாள். மதகில் உட்கார்ந்துகொண்டார். அக்கா வெறுங்காலோடு வரப்பில் ஏறி, நடு வயல்வரை நடந்துபோய், ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அத்தான் நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டுக் கடித்தார்.

"இன்னும் நாலு நாள் நிக்கட்டும்" என்றார்.

"ஒரு வாரம்" என்றாள் அக்கா.

"நான் சொல்றேன்ல, நாலு நாள்."

"உள்ள போய் நின்னு பாத்தவ நான். நடுவுல இன்னும் பச்சை இருக்கு."

அவர் கழுத்தை நீட்டி வயலைப் பார்த்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"சரி, ஒரு வாரம்" என்றார்.