பெரியம்மா வீட்டுத் தக்காளி சாலட்

பெங்களூரில் நான் முதன்முதலாக ஆலிவ் எண்ணெய் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் அது கிடைக்காது. பச்சைக் குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடுகிற எண்ணெயாக, கிரைப் வாட்டருக்கும் பவுடருக்கும் நடுவில் சின்ன டின்னில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் டின்னின் மேல் தூசியைத் துடைத்தபடி, "மகுகே எஷ்டு திங்களம்மா?" என்று கேட்டார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்கிறார் எனப் புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "மகு இல்லா, டொமேட்டோ" என்றேன். அவர் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்தார், கையில் தரவில்லை. இப்போது பெரிய கடைகளில் ஆலிவ் எண்ணெய் வரிசை வரிசையாக இருக்கிறது. பழக்க தோஷம், நான் இன்னும் மருந்துக் கடைக்குத்தான் போகிறேன். அங்கே இன்றைக்கும் அதே கேள்விதான். நான் "ஆறு திங்களு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பல வருஷமாக என் குழந்தைக்கு ஆறு மாதம்தான்.

எங்கள் ஊர் குடியாத்தத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் சந்தையில் கெட்டித் தோலோடு நீள உருண்டையாக வருகிற தக்காளிக்குப் பெங்களூர் தக்காளி என்று பேர் வைத்திருக்கிறோமே, அந்தப் பேர் பெங்களூரில் செல்லாது. வந்த புதிதில் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் அப்படிக் கேட்டேன். "எல்லாமே பெங்களூர்தாம்மா, வேற எங்கேர்ந்து வரும்?" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். ரசத்துக்கு நம் நாட்டுத் தக்காளிதான் என்பதில் எனக்கு இன்றைக்கும் வேறு பேச்சில்லை. ஆனால் நான் சொல்லப்போகிற சாலடுக்கு அது ஆகாது, கத்தி பட்டதுமே ஒழுகிவிடும். கெட்டித் தக்காளியை நன்றாகப் பழுக்கவிட்டு, வட்டமாக நறுக்கி, உப்பு தூவிக் கொஞ்சம் விட வேண்டும். மொசரெல்லா என்கிற பால்கட்டியைக் கையால் பிய்த்து நடுநடுவே வைக்க வேண்டும். திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டு, மிளகு தட்டித் தூவி, எண்ணெய் ஊற்றினால் ஆயிற்று. அடுப்பு பற்ற வைக்க வேண்டாம். தாளிக்காமலே ஒரு பண்டம் முடிந்துவிட்டது என்று நம்புவதற்கு எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் பிடித்தது.

எனக்கு இதைக் காட்டியவர் பாவ்லோ. பொம்மசந்திராவில் நான் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை நிறுவுவதற்காக இத்தாலியிலிருந்து வந்திருந்தார். கேன்டீன் சாம்பாரைப் பார்த்தாலே மனிதருக்கு முகம் வாடிவிடும். ஒருநாள், ஹாமும் சீஸும் விற்கிற கோல்ட் ஸ்டோரேஜ் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்து திறந்தார். தண்ணீரில் ஒரு வெள்ளை உருண்டை கிடந்தது. பார்க்க ரசகுல்லா, பிய்த்தால் வேகவைத்த சீம்பால். பால் திரிந்துபோனால் அம்மா யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள், நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது திரிந்தால் பயணமே நின்றுபோகும். இங்கே வேண்டுமென்றே திரியவைத்து டப்பாவில் விற்கிறார்கள். அதோடு ஒரு இலை வேண்டும் என்று காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். நான் துளசியைக் கொண்டுபோனேன், இது இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு சிவாஜிநகர்ப் பூக்கடையில் கதம்பத்துக்கு நடுவே அந்த வாசனை அடித்தது, நம் திருநீற்றுப்பச்சிலை. கன்னடத்தில் காமகஸ்தூரி என்றாள் பூக்காரி. மறுநாள் ஒரு கட்டு நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர் கட்டை மறுபடி மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். எங்கள் ஊரில் காதுவலிக்கு இதன் சாறு விடுவோம் என்று சொல்வதற்காக என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைச் சடங்கு என்று நினைத்து ஒரு கொத்தை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். கேன்டீனே சிரித்தது.

அப்போது நான் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். தொழிற்சாலைப் பேருந்து சிவாஜிநகரிலிருந்து கிளம்பும் என்பதால் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கொடுத்த இடம். மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்காரர் மாநில அரசில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். அவர்களுக்கு ஒரே பெண், ஹேமா, பள்ளிக்கூட டீச்சர், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அந்த வீட்டு அம்மாளை நான் முதல் நாள் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டேன். "ஆன்ட்டி எதுக்கு? பெரியம்மான்னு கூப்பிடு" என்றார். அன்று சாயங்காலமே மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த கன்னடக்கார அம்மாளிடம் என்னைக் காட்டி, "நம்ம தங்கி மகளு" என்றார். என் தங்கை மகள். அந்த அம்மாள் என்னிடம், "ஓ, தொட்டம்மன மனேகே பந்தித்தியா?" என்று சிரித்தார். கன்னடத்தில் பெரியம்மாவுக்குத் தொட்டம்மா. பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாயா என்ற அந்த ஒரு கேள்வியில் என் பயமெல்லாம் கழன்றுவிட்டது. எங்கள் தெருவிலிருந்து வேலைக்கென்று வெளியூர் வந்த முதல் பெண் நான். பாஷை தெரியாத ஊரில் அனாதையாகக் கிடக்கப் போகிறேன் என்று ரயிலில் அழுதுகொண்டே வந்தவள். அப்பா வந்து வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "சொந்தத்துக்குள்ள அக்ரிமென்ட் எதுக்குங்க?" என்று பெரியம்மா சொன்னார். அப்பா ஊருக்குப் போய் இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த வீட்டுக்குத்தான் நான் சாலடைக் கொண்டுவந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவரே தட்டை நீட்டினார். ஏப்ரல், மே மாதங்களில் வேறெதுவும் இறங்காத மதியங்களில் ஊஞ்சலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து நாலு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். தட்டின் அடியில் எண்ணெயும் தக்காளிச் சாறும் உப்பும் கலந்து நிற்குமே, அதில் ரொட்டியைத் தோய்ப்பதற்கு ஹேமாவுக்கும் எனக்கும் சண்டை வரும். "சின்னவளுக்கு விடுடி" என்று பெரியம்மா ஹேமாவை அதட்டுவார். சொந்த அக்கா தங்கை இல்லாதவள் நான். அந்த அதட்டலுக்காகவே சண்டை போட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு கோடையில் ஹேமாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் பழைய பெங்களூர்த் தமிழர்கள், மகன் சிங்கப்பூரில் இருந்தான். "பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேணாம்டி மல்லி. உன் சாலட் பண்ணு" என்றாள் ஹேமா. விடிந்ததும் சிவாஜிநகர் போய் இலை வாங்கி வந்தேன். மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். ஹேமா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாதாப் பொடவையே கட்டிக்கோயேன். சமையக்கட்டுல எண்ண தெறிக்கும்" என்றாள். என் பட்டுமேல் என்ன அக்கறை என்று நினைத்து, மாற்றிக்கொண்டேன். அடுப்பே பற்ற வைக்காத சமையலில் எண்ணெய் எங்கிருந்து தெறிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "அட, சிங்கப்பூர்ல ஓட்டல்ல குடுக்கற மாதிரியே இருக்கே. யாரு பண்ணது?" என்றார். அவர் பார்வை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல் வந்தது. "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். நான் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி பொண்ணு என்ற வார்த்தை வரப்போகிறது, நான் கும்பிட வேண்டும். பெரியம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஹேமாதான் பேசினாள். "மம்மிக்கு ஒத்தாசைக்கு இருக்கா ஆன்ட்டி. குடியாத்தம் பக்கம். நல்ல பொண்ணு."

"பரவாயில்லையே, நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மாள் பெரியம்மாவிடம். பிறகு என்னிடம், "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார். போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். ஹேமாவின் கல்யாணம் என்னால் கெட்டுவிடக் கூடாது என்று கை தானாகவே டம்ளரை எடுத்தது.

அவர்கள் போனபின் பெரியம்மா சமையலறைக்கு வந்தார். "மனசுல வச்சிக்காத மல்லி. அவங்களுக்கு எங்க சொந்தம் ஒண்ணொண்ணும் தெரியும். தங்கச்சி பொண்ணுன்னு சொன்னா எந்தத் தங்கச்சின்னு கேப்பாங்க. எனக்குத்தான் தங்கச்சியே கெடையாதே" என்றார்.

"பேயிங் கெஸ்ட்டுன்னு சொல்லியிருக்கலாமே, பெரியம்மா?"

"ஐயோ, அது தெரியக் கூடாதுன்னுதானே இத்தன வருஷமா தங்கச்சி பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு வர்றோம்! வூட்ல வாடகைக்கு ஆள் வச்சிருக்கோம்னு தெரிஞ்சா அவருக்கு என்ன மரியாத?" என்றார். கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. எனக்கும் முதலிலிருந்தே தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். வாசலில் நின்ற ஹேமா, "ஒரு நாள் கூத்துதானேடி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாள்.

வேலைக்காரி என்றதற்காக எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். என் அத்தை வேலூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அன்று மதியம் சொன்னதை மன்னித்திருப்பேன். நான் அந்த வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மதில் சுவரோரம் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. ஒப்பந்தம் வேண்டாம் என்றது ஏன், வாடகையைக் கூடத்தில் வைத்துத் தராதே என்றது ஏன், அலுவலகக் கடிதங்களை வீட்டு விலாசத்துக்கு வரவழைக்காதே என்றது ஏன். எல்லாவற்றையும் நான் பாசம் என்று எண்ணி ஊருக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் ஒளித்து வைத்தது என்னை. நான் அதை, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அந்த மாதம் முடிந்ததும் பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தது. போகவில்லை. எந்த முறையில் போய் நிற்பது?

ஒருமுறை குடியாத்தத்தில் அம்மாவுக்கு இந்தச் சாலடைச் செய்து கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டவள், மிச்சத்தை அப்படியே வாணலியில் கொட்டி, கடுகு தாளித்து, பச்சைமிளகாய் போட்டு இறக்கினாள். "பெங்களூர்க்காரி சாப்பாடு நமக்குச் சரிப்படாது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். பெங்களூரிலோ நான் தமிழ்க்காரி. வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட எல்லோருக்கும் இது தெரிந்ததுதான், நான் புதிதாகப் புலம்ப ஒன்றுமில்லை.

போன வாரம் வெயில் தாங்கவில்லை. ஓசூர் சாலைப் பக்கம் எனக்கென்று இருக்கிற இந்தச் சின்ன ஃப்ளாட்டில் சாலட் செய்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற காவ்யா எட்டிப் பார்த்தாள், ஹாசன் பக்கத்துப் பெண். தட்டை நீட்டினேன். சாப்பிட்டுவிட்டு, "எல்லி கலித்ரி, ஆன்ட்டி?" என்றாள், எங்கே கற்றீர்கள் என்று. "நம்ம மனேலி" என்றேன். நம் வீட்டில். "குடியாத்தத்தல்லா?" என்றாள். "இல்லா, காக்ஸ் டவுனல்லி" என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வாடகைக்கு இருந்த வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதைச் சொல்லும் அளவுக்கு என் கன்னடம் இப்போது நன்றாகவே இருக்கிறது.

"தொட்டம்மன மனே" என்றேன்.

காவ்யா தலையை ஆட்டிவிட்டு, தட்டின் அடியில் நின்ற சாற்றில் ஒரு ரொட்டித் துண்டைத் தோய்த்துக்கொண்டாள். அடுத்த தடவை பெரியம்மாவைப் பார்க்கப் போகும்போது தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். சரி என்றேன்.