வெற்றுக்குடமும் வெளிவாரிப் பட்டமும்

பத்மசீலி பட்டம் படிக்கப் போனது ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஊருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. பிடிக்காதது ஒரே ஒருவனுக்குத்தான். அவளோடு ஒரே கூரையின் கீழ் இருபத்துச் சொச்சம் வருஷம் அவள் கையால் சோறு தின்ற புருஷன் விஜேபாலவுக்கு.

அவனைச் சும்மா குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளியிலிருந்தே எழுதுகிற வெளிவாரிப் பட்டத்துக்கு முதலில் பதிந்தவன் அவன்தான். நாரம்மலைக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். ஞாயிறு தவறாமல் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு குருநாகலுக்கு டியூஷனுக்குப் போவான். இரும்புக் கடைக்கு மேல் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஆசிரியர்களும் தாதிமாரும் பொலிஸ்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பாடம் எடுக்கிற சேர் சொல்வதை வேர்க்க வேர்க்க எழுதுகிற வகுப்பு அது. அங்கே டியூட் என்று விற்கிற அச்சடித்த பாடக் குறிப்பு எல்லாவற்றையும் வாங்கி, அட்டை போட்டு, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான். முதல் வருஷப் பரீட்சையில் மூன்று தடவை மண்ணைக் கவ்வினான். அதற்குப் பிறகு, வேலைவெட்டி இல்லாதவன்தான் பட்டம் படிப்பான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். டியூட்டுகளைத் தும்புக் கயிற்றால் கட்டிப் பரணில் தூக்கிப் போட்டான்.

பத்மசீலி பிரதேச சபை நூலகத்தில் உதவியாளர். தூசு தட்டுவது, புத்தகத்துக்கு இலக்கம் ஒட்டுவது, பத்திரிகைகளைக் கட்டி அடுக்குவது, அவ்வளவுதான் வேலை. உயர்தரம் படித்தவள். கொஞ்சப் புள்ளியில் கம்பஸ் அனுமதி கை நழுவிப் போய், அந்த வருஷமே கல்யாணம் ஆகிப்போனது. ஒரே மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனதும் பரணைச் சுத்தம் பண்ண ஏறினாள். எலி கடித்த டியூட் ஒன்றைக் கையில் எடுத்தாள். நின்ற நிலையில் இரண்டு பக்கம் படித்தாள். விளங்கியது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

புருஷனிடம் சொல்லாமல் பதிந்தாள். அவனுடைய டியூட்டுகளையே படித்து, முதல் வருஷத்தை ஒரே மூச்சில் தாண்டினாள். செய்தி அவனுக்குத் தேநீர்க் கடையில் எவனோ சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குப் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

அதிலிருந்து அந்த வீட்டில் சண்டை ஓயவில்லை. அவள் புத்தகத்தைத் திறந்தால் இவன் வானொலியைத் திறப்பான். கிரிக்கெட் இல்லாவிட்டால் மரண அறிவித்தலையாவது சத்தமாக வைப்பான். அவளுக்கு வகுப்பு இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து முழுப் பலாக்காயைக் கொண்டுவந்து அடுப்படியில் போட்டுவிட்டு, இன்றைக்கு இதைச் சமைத்தே ஆக வேண்டும் என்று நிற்பான். யாராவது வந்தால் போதும், "கம்பஸ் நோனா, எங்களுக்கும் ஒரு டீ கிடைக்குமா?" என்று ஏதோ துரைசாணியைக் கூப்பிடுகிற மாதிரி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் டீயைக் கொண்டுவந்து வைப்பாள்.

அவள் மட்டும் என்ன, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவளா? பருப்பில் உப்பை அள்ளிப் போடுவாள். அவனுடைய மூக்குக் கண்ணாடியைத் தேங்காய் குவித்த மூலையில் ஒளித்து வைப்பாள். ஒரு நாள் அவன் ஆட்களுக்கு முன்னால் படிப்பைப் பற்றி அதிகம் அளந்தபோது, "முதலாம் வருஷ டியூட் வேணும்னா கேளுங்க, உங்க பேர் எழுதினது பத்திரமா இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த வார்த்தையை அவன் மறக்கவே இல்லை.

இப்படிக் கறுவிக்கொண்டே இரண்டாம் வருஷமும் முடிந்தது, மூன்றாம் வருஷமும் முடிந்தது. பொருளியலில் ஒரு தாள் மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான் விஜேபாலவுக்குக் குடத்தின் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் பரீட்சைக்கோ கல்யாணத்துக்கோ புறப்படுகிறவருக்கு எதிரே நிறைகுடம் வர வேண்டும். அதைச் சும்மா விதியின் கையில் விடுகிறவர்கள் இல்லை நாங்கள். கைராசிக்காரர் யாரையாவது முதல் நாளே வெற்றிலைக் கட்டுக் கொடுத்துக் கூப்பிட்டு, காலையில் குடத்தோடு எதிரே வரச் சொல்வோம். வெற்றுக்குடம் எதிர்ப்பட்டால் திரும்பி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். சிலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்மசீலி அப்படியில்லை. பல்லி சொன்னால் வந்த பஸ்ஸையும் விட்டுவிடுகிற ஆள். அவளோடு வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா?

கடைசித் தாளுக்கு முதல் தடவை புறப்பட்ட காலையில், படலையைத் திறந்தால் எதிரே விஜேபால. இடுப்பில் காலி அலுமினியக் குடம். வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இந்த மனுஷனுக்குக் கிணற்றடியில் என்ன வேலை? அவளுக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்புவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குருநாகலில் இறங்கி ஓடினாள். அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தியவர்களை விடுவதில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளை, பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் மதிலில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அப்போதும் அவன் வேண்டுமென்று செய்தான் என்று அவள் நினைக்கவில்லை. தன் நேரம் சரியில்லை என்றுதான் நினைத்தாள். அடுத்த தடவை முன்னெச்சரிக்கையாகப் பின்பக்கத்தால் இறங்கி வயல் வரப்பில் நடந்தாள். வரப்பு முடிகிற இடத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே குடத்தோடு அவன் நின்றான். குடத்தைக் கவிழ்த்து வேறு பிடித்திருந்தான், காலிதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. இந்த முறை அவள் திரும்பவில்லை. பஸ் போய்விடுமே. ஆனால் மண்டபத்தில் கேள்வித்தாளைப் பார்த்தபோது கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை, குடம்தான் தெரிந்தது. தெரிந்த கேள்விக்குக்கூடப் பாதிப் பதில்தான் எழுதினாள். பெறுபேறு வந்தபோது இரண்டு புள்ளி போதவில்லை.

அதோடு பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்தலும் வந்தது. பதிவுக் காலம் முடிகிறதாம். வருகிற பரீட்சைதான் கடைசி. அதிலும் தவறினால் பாஸான தாள்கள் அத்தனையும் செல்லாது, வேண்டுமானால் திரும்ப முதல் வருஷத்திலிருந்து பதியலாமாம். ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். அந்தத் தகரக் கூரைச் சூடு, பஸ்ஸில் நின்றுகொண்டு மனப்பாடம் பண்ணியது, நூலகத்தில் மதியச் சோற்றை விழுங்கிவிட்டு எழுதிப் பார்த்தது, எல்லாம் குப்பைக்குப் போகும்.

நூலகத்தில் பழைய பத்திரிகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் யோசித்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதே குடம். குழாய் வந்த நாளிலிருந்து அந்தக் குடம் விறகுக்குப் பின்னால் கிடந்தது. பரீட்சை இல்லாத நாளில் அவன் அதைத் தொட்டதே கிடையாது. அவன்மேல் வந்த கோபம் பாதி என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதற்கெல்லாம் பயந்து செத்த தன்மேல் வந்தது மீதிப் பாதி. குடத்தை நசுக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். போட்டால் அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவான். அதனால் விட்டுவிட்டாள்.

கடைசிப் பரீட்சைக் காலை. முன்வாசலாலேயே இறங்கினாள். அவன் நின்றான். இந்தத் தடவை ஒளிவு மறைவே இல்லை, பாதையின் நடுவில் நின்றான்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"தண்ணி அள்ள."

"குழாயில வரலையா?"

"கிணத்துத் தண்ணி குடிக்க ஆசையா இருக்கு. நீ போயேன், உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்றான். உதட்டோரத்தில் சிரிப்பு வேறு.

அவள் கைப்பையைத் திறந்தாள். பரீட்சைக்கென்று எடுத்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்து மூடியைத் திருகினாள். அவன் இடுப்பிலிருந்த குடத்துக்குள் போத்தலைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வெறுங்குடம் இல்ல. தள்ளுங்க" என்றாள்.

அவன் தள்ளி நின்றான். வேறு என்ன செய்வான்? பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் பார்த்துக்கொண்டிருந்தன. மண்டபத்தில் தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இருந்தும் பேனாவை வைக்காமல் எழுதினாள். பக்கத்து மேசைக்காரி வெறித்துப் பார்க்கிற அளவுக்குத் தாளை அழுத்தி அழுத்தி எழுதினாள்.

பாஸ். வகுப்புச் சித்தி இல்லை, சாதாரணப் பாஸ்தான், ஆனாலும் பட்டம் பட்டம்தானே.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பெறுபேறு வந்த வாரமே விஜேபால ஆளே மாறிவிட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் பால்சோறு கொடுத்தான். "முன்னால தண்ணிக் குடத்தோட வந்தது யாரு? நான்தான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். வேலிக்கு மேலால் பார்த்த இரண்டு பேரும் ஆமாம், குடத்தில் தண்ணீர் இருந்தது, விழுகிற சத்தம்கூடக் கேட்டது என்று சாட்சி சொன்னார்கள். டியூட்டும் அவனுடையதுதானாம், சொல்லிக் கொடுத்ததும் அவன்தானாம். ஊர் நம்பியது. வீசாவுக்குப் போகிற பையன் ஒருவன் வந்து அவனைக் கூப்பிட்டான். வங்கிப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தாய் வந்து கூப்பிட்டாள். விறகுக்குப் பின்னால் கிடந்த குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சாமி அறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். கைராசிக்காரனாம் அவன்!

பத்மசீலி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதையாவது சொல்லித் தொலைக்கட்டும், பட்டம் கைக்கு வந்துவிட்டது, நூலகப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று, இனி இவனோடு மல்லுக்கட்ட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாலை விஜேபாலவின் அண்ணனும் அண்ணி சோமலதாவும் வந்தார்கள். அவர்களின் மகளுக்கு உயர்தரப் பரீட்சை. கொஞ்சம் பயந்த பிள்ளை, சித்தப்பா வீட்டுக்கு வந்தால்கூட வாய் திறக்காது. சோமலதா வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் விஜேபாலவிடம் நீட்டி, திங்கட்கிழமை காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்து மகளுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கித் தட்டில் வைத்தான். பயப்படாதீர்கள், பத்மசீலியைப் பாஸ் பண்ண வைத்த கை இது என்று சொன்னான்.

டீக் கோப்பைகளோடு வந்த பத்மசீலி தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இந்த மனுசன் எனக்கு முன்னால மூணு தடவை வந்து நின்னாரு. மூணு தடவையும் வெறுங்குடம். நான் பெயிலாகணும்னே நின்னாரு. ரெண்டு தடவை பெயிலாகினேன். மூணாவது தடவை அதுல இருந்த தண்ணி என் போத்தல் தண்ணி."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் அவனைத்தான் நம்பியிருப்பார்கள். அவனோ, "அது சும்மா பகிடிக்கு" என்றான்.

"ஏழு வருசத்தை வச்சுப் பகிடியா?" என்று கேட்டாள் பத்மசீலி. குரலை உயர்த்தவே இல்லை.

சோமலதா எழுந்தாள். தட்டிலிருந்த வெற்றிலைக் கட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். கொடுத்த வெற்றிலையை எங்கள் பக்கத்தில் யாரும் திருப்பி எடுப்பதில்லை. செத்த வீட்டில்கூட அப்படி ஒன்றை நான் பார்த்தது கிடையாது. விஜேபாலவின் கை பாதி எழுந்து, அப்படியே மடியில் விழுந்தது. சோமலதா அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெற்றிலையைப் பத்மசீலியிடம் நீட்டினாள்.

"அப்ப நீ வா நங்கி. நீதானே படிச்சுப் பாஸானது. உன் கையால குடம் பிடி."

பத்மசீலி வெற்றிலையைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"நான் வரமாட்டேன் அக்கா. குடத்தோட யாரையும் நிக்க விடாதீங்க. பிள்ளைய முதல் பஸ்ஸுல ஏத்தி விடுங்க, போதும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.