சாவித் துவாரத்துக் குளவி

எங்கள் அத்தான் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஆனால் இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் 'குளவிக்காரர்' என்றால்தான் தெரியும். பால்கனியில் தேனீ வந்து உட்கார்ந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். அவரும் போவார். பத்தடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். அடை இல்லாமல் வெறும் கொத்தாகத் தொங்கினால், "இது வழியில இளைப்பாற வந்த கூட்டம். ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும், ஜன்னலைச் சாத்திட்டு உங்க வேலையைப் பாருங்க" என்பார். அடை கட்டியிருந்தால் தேனீ வளர்ப்பவரின் நம்பரை எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான் வித்தை. அதற்கே அவரை ஆகா ஓகோ என்பார்கள்.

குளவி விஷயத்தில் மட்டும் அவர் நிஜமாகவே கில்லாடி. மண்குளவிக்குச் சாவித் துவாரம் என்றால் கொள்ளை ஆசை. உள்ளே ஒரு முட்டையிட்டு, குஞ்சுக்குத் தீனியாக நாலைந்து பச்சைப் புழுக்களைத் திணித்து, ஈர மண்ணால் வாயை மெழுகிவிட்டுப் போய்விடும். வீட்டுக்காரர் சாவியைப் போட்டுக் குத்துவார். பிறகு எண்ணெய் விடுவார். மண் குழம்பாகிப் பூட்டு பல்லைக் காட்டும். அப்புறம்தான் அத்தானைக் கூப்பிடுவார்கள்.

இப்படி ஒரு குளவியால்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது. கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அப்போது நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியிருந்தோம். முன்கதவில் பழங்காலத்துப் பெரிய பூட்டு. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே சாவியால் திறக்கலாம். சாவி நுழையவே இல்லை. அப்பா போன் செய்ய, ஒல்லியாக ஓர் ஆள் வந்து மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தாராளமா எடுத்துடலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா உள்ள குஞ்சு இருக்கும். மூணு வாரத்துல அதுவே துளை போட்டுட்டுப் போயிடும். நசுக்கினா ஒழிய கொட்டாத சாதி. உங்களுக்கு வேற வாசல் இருக்கா?"

அப்பா இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னாள். "பின்வாசல் இருக்கு."

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே இருந்தார். அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். ஓட்டைப் பல்லை அடைக்கும் பசையைக் குழைத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் வந்து நின்றால் கிராம்பு எண்ணெய் வாசனை வரும். அன்று பயணக் களைப்போடு தலை கலைந்து நின்றிருந்தாள். அந்த ஆள் டார்ச்சை அணைக்கவே மறந்துவிட்டார்.

பின்வாசலில் வாஷிங் மெஷின் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் பக்கவாட்டில் நுழைந்துவிடுவோம். அப்பாவுக்குத்தான் தொந்தி. தினமும் காலையில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஒரு பூச்சிக்காக இந்த வயசுல சர்க்கஸ் பண்றேன்" என்று புலம்பியபடி வெளியே போவார்.

அந்த ஆள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். "சும்மா, எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போலாம்னு." சரியாக அக்கா வீடு திரும்பும் ஆறு மணிக்கு. மண்டியிடுவார், டார்ச் அடிப்பார், பூட்டோடு பேசுவார்.

"நல்லாத்தான் இருக்கு" என்பார் பூட்டிடம்.

"அப்படியா?" என்பாள் அக்கா, பின்னால் நின்று.

"ஆமாங்க" என்பார், அதையும் பூட்டிடம்தான். காது மட்டும் சிவந்திருக்கும். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. எனக்கோ பற்றிக்கொண்டு வரும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டூப்ளிகேட் சாவி போடுவதாகச் சாக்குச் சொல்லி நேராக அவர் கடைக்கே போனேன்.

"எங்க அக்காவைப் பிடிச்சிருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அரத்தைக் கீழே வைத்தார். முப்பத்தாறு வயது ஆள், அடி வாங்கப் போகிற பிள்ளைபோல நின்றார். "பிடிச்சிருக்கு. குளவி போறதுக்குள்ள கேட்டுடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்பறேன். அவங்க முகத்தைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. அது போயிட்டா அப்புறம் எனக்கு அந்த வாசல்ல என்ன வேலை, சொல்லுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஓங்கி ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

பதினேழாம் நாள் காலை, பேப்பர் எடுக்கப் போன நான் பார்த்தேன். மண்ணில் பட்டாணி அளவு துளை. குளவி போய்விட்டது! ஐயோ, அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லையே என்று பதறி, கடைக்குப் போய்ச் சொல்லலாம் என்று செருப்பைத் தேடப் போனேன். திரும்பி வந்தால், கதவின் முன்னால் அக்கா குந்தியிருக்கிறாள். ஒரு கையில் பூந்தொட்டி மண். இன்னொரு கையில் பல் அடைக்கும் குட்டிக் கரண்டி. மண்ணை ஆஸ்பத்திரிப் பசையோடு குழைத்து, ஓட்டையை அடைத்து, மேலே வழவழவென்று மெழுகிக்கொண்டிருந்தாள்.

ஊமை மாதிரி இருந்துகொண்டு இவள் செய்கிற வேலையைப் பாருங்கள்!

"யார்கிட்டயாவது வாயைத் திறந்தே," என்றாள் திரும்பாமலே, "உன் கடைவாய்ப் பல்லை ஊசி போடாமயே பிடுங்கிடுவேன்டி."

அன்று மாலை அவர் வந்தார், மண்டியிட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பக்கத்தில் போய் மூச்சை இழுத்தார்.

"இன்னும் ரெண்டு வாரம் ஆகும் போலிருக்கு" என்றார்.

"ரெண்டு வாரமா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அடங்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் ஓடியது. பூட்டிடம் அவர் வானிலை பேசினார், தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பேசினார், கடைக்குப் புது பெஞ்சு வாங்கியதைப் பேசினார். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்.

அப்பாவின் பொறுமை ஒரு சனிக்கிழமை மாலை தீர்ந்தது. அன்று சட்டைப் பொத்தான் மாட்டி, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கால் மணி நேரம் சிக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, பழைய குடைக் கம்பியோடு முன்கதவுக்கு நடந்தார். குளவிக்காரரும் வந்திருந்தார், அக்காவும் வந்திருந்தாள். "அப்பா, வேண்டாம்ப்பா" என்று அவள் கத்துவதற்குள் ஒரே நெம்பு. அடைப்பு அப்படியே ஒரு வில்லையாகக் கழன்று தரையில் உருண்டது. உடையக்கூட இல்லை. அக்காவின் வேலை அவ்வளவு சுத்தம்.

அப்பா எடுத்து மோந்து பார்த்தார். "என்னது, கிராம்பு வாசனை வருது?"

அப்பா அக்காவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஏன் தம்பி, ஊர்ப்பட்ட குளவிக்கூடு பார்த்தவராச்சே நீங்க. இது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது சார்."

"எப்போ?"

"அடைச்ச அன்னிக்கே."

அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். இரண்டு வாரமாக அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா? "தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். காது சிவந்தது. மூடினார். பழக்க தோஷம், அப்படியே போய்க் கதவின் முன்னால் மண்டியிட்டுவிட்டார். பூட்டைப் பார்த்தும் பேச்சு வரவில்லை. அடைப்பு போய்விட்டது, இன்றோடு அவருக்கு இங்கே வேலையில்லை. அது அவர் முதுகிலேயே தெரிந்தது.

அக்கா ஒரு நொடி நின்றாள். பிறகு பையை என் கையில் திணித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்வாசலில் வாஷிங் மெஷின் இடிபடும் சத்தம் கேட்டது. கூடத்தில் காலடிச் சத்தம். அப்புறம் மூடிய கதவின் மறுபக்கத்திலிருந்து, சாவித் துவாரம் வழியாக, மூச்சு வாங்க அவள் குரல்.

"பூட்டுகிட்டதானே உங்களுக்குப் பேச வரும்? சொல்லுங்க. கேக்கறேன்."

அவர் துவாரத்தில் வாயை வைத்துச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அக்கா சொன்ன பதிலும் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அப்பாவிடம் சாவியை வாங்கித் திருப்பினார். கதவு திறந்தது.

அக்கா அங்கேயே நின்றிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிலைப்படியை மறித்தார்கள்.

"கல்யாணம் பண்ணிக்கோங்க, நல்லா இருங்க" என்றார் அப்பா, தொந்தியைத் தடவிக்கொண்டே. "இப்போ கொஞ்சம் வழி விடறீங்களா? ஒரு மாசத்துக்கு மேலாச்சு, நான் நிமிர்ந்து என் வீட்டுக்குள்ள நடந்து."