சுண்ணாம்பு தடவிய மூன்று கற்கள்

எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் தபால் அலுவலக எழுத்தராக இருந்தபோது, என் குடும்பத்தை மூன்று நாள் பரிசலில் அழைத்துப் போனேன். வழியில் இரண்டு இரவுகள் கரையில் தங்க வேண்டும். அந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாட்டையும், அதனால் இன்னொரு குடும்பம் பட்ட பாட்டையும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த ஆண்டின் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு தாள் மட்டும் அதில் இல்லை.

யோசனை என்னுடையதல்ல. ஊருக்கு வெளியே இருந்த ஒரு மருத்துவமனையில் நெதர்லாந்துக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை பார்சல் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வருவார். அவருக்கு வந்த அஞ்சலட்டை ஒன்றில், நேராக வெட்டிய வாய்க்காலில் வீடு போன்ற ஒரு படகு நின்றது. சன்னலில் திரைச்சீலை, கூரைமேல் சைக்கிள். இது என்ன என்று கேட்டேன். அவர்கள் ஊரில் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு இப்படிப் போவார்களாம். தினமும் பிற்பகலில், அன்றிரவு படகை எங்கே கட்டுவது என்று முடிவு செய்வார்களாம். அவருடைய பெற்றோருக்குள் அதில்தான் சண்டை வருமாம். அம்மாவுக்குக் கடை பக்கத்தில் வேண்டும், அப்பாவுக்கு ஆளே இல்லாத இடம் வேண்டும். கரையில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஆனால் படம் மனதில் தங்கிவிட்டது.

நமக்கு வாய்க்கால் இல்லை, காவிரி இருக்கிறது. ஒகேனக்கல்லில் அருவிக்குக் கீழே பரிசல் ஏறினால் ஆற்றோடு இறங்கி, மேட்டூர் அணையின் தேங்கிய நீர் வழியாக நாகமரைத் துறைக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து பஸ். மே மாதத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆனால் முன்பின் பார்க்காத கரையில் மனைவியையும் பதினாறு வயது மகளையும் படுக்கவைக்க நான் தயாராக இல்லை. எனவே ஏப்ரல் மாதத்திலேயே, பேசிவைத்த பரிசல்காரரோடு நான் மட்டும் ஒருமுறை போய்வந்தேன்.

காக்கிப் பை ஒன்றில் ஐம்பது அடி அளவு நாடா, குறிப்பேடு, இரண்டு பென்சில், சிறிய டப்பாவில் சுண்ணாம்பு. குறிப்பேட்டில் முன்கூட்டியே கட்டம் போட்டிருந்தேன்: நிழல், குடிநீர், கரையின் சரிவு, அருகில் உள்ள குடிசை, பாம்பு, முதலை, மனிதர்கள். பரிசல்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கறதுக்கு எதுக்குங்க சார் இவ்வளவு எழுத்து?" என்றார். அவர் காட்டிய இடங்களெல்லாம் மீன் பிடிக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் ஊர்ப் பக்கமாகவே இருந்தன. எங்களிடம் மீன் விற்கப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். 'மனிதர்கள்' கட்டத்தில் முதலில் இடம்பெற்றவர் அவர்தான்.

முதல் இரவுக்கு ஒட்டனூருக்கு மேற்புறம் ஒரு பாறைத் திட்டு கிடைத்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அதில் சிக்கல் இல்லை. இரண்டாம் இரவுக்குத்தான் இடம் அமையவில்லை. கரையில் எங்கே இறங்கி நாடாவை எடுத்தாலும், அங்கிருந்தவர்கள் அடுத்த ஊர் இதைவிட வசதி என்றார்கள். அடுத்த ஊரில் கேட்டால் அதற்கடுத்த ஊர். மூன்று இடத்தில் இப்படி நடந்தது. வந்தவனை வழியனுப்புவதில் இத்தனை பேருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று யோசித்தேன். எதையோ மறைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன்.

நான்காவது இடம் எனக்குப் பிடித்துவிட்டது. மெதுவான சரிவு, ஒரு பெரிய கருவேல மரம், நூறு அடி தள்ளி ஒரு குடிசை. நடுவில் நிலக்கடலை பச்சைப் பசேலென்று நின்றது. கோடையில் அணை நீர் இறங்க இறங்க வெளியே வரும் வண்டல் நிலத்தில் கரையோரத்தார் பயிர் வைப்பார்கள். நிலம் அரசாங்கத்தினுடையது, யாரிடமும் பட்டா கிடையாது. ஆனி, ஆடியில் நீர் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று என் கண்ணில் பட்டது நிழலும் சரிவும்தான்.

குடிசையிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "இங்கெல்லாம் நிக்க முடியாதுங்க. பாம்புங்க. நேத்துகூட ரெண்டு அடிச்சோம்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரத்தடியில் கோணிமேல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாம்பு வரும் இடத்தில் யார் பிள்ளையைத் தரையில் போடுவார்கள்? குடிசையின் பின்னால் வைக்கோலுக்கு அடியில் மூட்டைகள் தெரிந்தன. அவற்றை நான் பார்ப்பதைப் பார்த்து அவர் கொஞ்சம் நகர்ந்து மறைத்து நின்றார்.

"நீங்க எந்த ஆபீசுங்க?"

"தபாலாபீஸ்."

"தபாலாபீசுக்கு எதுக்குங்க டேப்பு?"

குடும்பத்தோடு தங்க இடம் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கழுத்திலும் காதிலும் நகையோடு இரண்டு பெண்கள் இன்ன இடத்தில் திறந்தவெளியில் படுக்கப்போகிறார்கள் என்று, பொய் பேசுகிற ஓர் ஆளிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைப்பதா? பரிசல்காரரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால், "அளக்க வேண்டியிருக்கு. மே மாசம் மறுபடி வருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் தார்ப்பாய் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி. மரத்தை ஒரு மூலையாக வைத்து மற்ற மூன்று மூலைகளை அளந்தேன். ஒரு பக்கம் கடலையின் கடைசி இரண்டு வரிசைகளுக்குள் போனது. பரவாயில்லை, மே மூன்றாம் வாரத்தில் அறுவடை முடிந்திருக்கும் என்று கணக்கிட்டேன். திரும்பி வரும்போது இடம் தவறிவிடாமல் இருக்க ஒவ்வொரு மூலையிலும் ஒரு கல் வைத்து, அதன் தலையில் சுண்ணாம்பைத் தடவினேன். ஒரு கல் போதும்தான். யாராவது நகர்த்திவிட்டால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று வைத்தேன். அந்தப் பெண் அருகில் வரவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்றாவது கல் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே மாதம் திட்டமிட்டபடி புறப்பட்டோம். முதல் நாள் பாறைத் திட்டில் என் மனைவி புளிச்சோறு பிரித்து வைத்தாள். மகள் முதலைக்குப் பயந்து திட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பரிசல்காரர் மீன் விற்கவில்லை, சும்மா கொடுத்தார். அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் கருவேல மரம் தெரிந்தது. கற்களின் சுண்ணாம்பு வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஒன்றுகூட ஓர் அங்குலம் நகரவில்லை.

நிலம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அறுவடை முடிந்துவிட்டது, என் கணக்கு சரி என்று ஒரு கணம் திருப்திப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். கற்களுக்கு உள்ளே அந்த இரண்டு வரிசைச் செடிகள் மட்டும் பழுத்த இலையோடு அப்படியே நின்றன.

அந்தப் பெண் தலைமுடியைச் செருகிக்கொண்டே வேகமாக வந்தார்.

"வந்துட்டீங்களா சார். எல்லாத்தையும் எடுத்துட்டோமுங்க. காலி பண்ணிட்டோம். உங்க கல்லுல கை வெக்கல, உள்ள இருக்கறதையும் தொடல. வந்து பாத்துக்குங்க."

அதற்குள் என் மனைவி சமையல் பாத்திரத்தோடு பரிசலிலிருந்து இறங்கினாள். பின்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு மகள். அந்தப் பெண் அவர்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். இவர்கள் யார் என்று கேட்டார். என் மனைவியே பதில் சொன்னாள்: "ராத்தங்க வந்தோம்மா. அதுக்குத்தான் போன மாசமே இந்த எடத்தை அளந்து வெச்சுட்டு வந்தாராம்."

அவர் பரிசல்காரர் பக்கம் திரும்பினார். "ஏண்ணா, நெசந்தானா?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றார் பரிசல்காரர்.

நடந்ததை அந்தப் பெண் என் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. கல் நட்ட அன்றைக்கே ஊரில் பேச்சாகிவிட்டதாம். மே மாதம் வந்து நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள், பயிரோடு போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்களாம். வருகிறதை எடுத்துக்கொள்வோம் என்று மூன்றாம் நாளே புருஷனும் பெண்டாட்டியுமாகப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் நிற்க வேண்டிய பயிர். "பூராம் பால்காய்ங்கக்கா. நசுக்குனா தண்ணி வருது. விக்கவும் ஆவல, அடுத்த வருசத்து வெதைக்கும் ஆவல." அவர்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு வெள்ளாமைதான். கணவர் செங்கல் சூளை வேலைக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் போய்விட்டாராம்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நான் கல்லை நடவில்லை, வைத்தது மட்டும்தான் என்று. அது எனக்கே நன்றாக இல்லை, நிறுத்திவிட்டேன்.

அவர் என் காக்கிப் பையைப் பார்த்தார். "அன்னிக்கு என்னையப் பாத்துப் பாத்து எழுதுனீங்களே, அது என்னன்னு சொல்லுங்க." தூரமும் நிழலும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. என் மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ படி கண்ணு."

குறிப்பேட்டைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மகள் வரிசையாகப் படித்தாள். நிழல், நன்று. குடிநீர், நாற்பது தப்படி. பாம்பு, இல்லை. கடைசிக் கட்டத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். என் மனைவி, "படி" என்றாள். மகள் மெதுவான குரலில் படித்தாள்: "குடிசைப் பொம்பளை பொய் சொல்கிறாள். வைக்கோலில் மூட்டை மறைத்திருக்கிறாள். சாராயமாகவோ சந்தனக் கட்டையாகவோ இருக்கலாம். நம்பத் தகுந்தவள் அல்ல. இடம் நன்று."

அந்தப் பெண் கோபப்படுவார் என்று நினைத்தேன். "பொய்தாங்க சொன்னேன்" என்றார். "பாம்புமில்ல ஒண்ணுமில்ல. நீங்க போனாச் செரின்னுதான் சொன்னது." பிறகு மூட்டையைப் பற்றி: "எருவு வாங்கிப் போட்டிருந்தோம். நெலம் உங்களுதான்னு கேப்பீங்கன்னு மறைச்சேன். சாராயமா? சாராயமா இருந்திருந்தா இந்த வருசம் பொழச்சிருப்போம்."

பரிசல்காரர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த இரண்டு வரிசையையாவது இப்போது எடுத்துக்கொள்ளலாமே என்றாள் என் மனைவி. அவர் கல்லுக்கு உள்ளே கால் வைக்க மறுத்தார். "மொதல்ல அவரு கல்ல எடுக்கட்டும்." நான் மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் நீரில் போட்டேன். சுண்ணாம்பு கையில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகே அவர் உள்ளே வந்து ஒரு செடியைப் பிடுங்கினார். காய் கொத்துக்கொத்தாக வந்தது. ஒன்றைப் பறித்துக் காதருகே ஆட்டினார். உள்ளே பருப்பு கலகலத்தது. அதை என் மகளின் கையில் கொடுத்தார். நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பிடுங்கினோம். ஒரு கூடைகூட நிறையவில்லை. விதைக்குக் கொஞ்சம் ஆகும் என்றார்.

கூடையைக் குடிசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, இனி யாரும் வந்து நிலத்தை எடுக்க மாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஊராருக்குக் காட்ட வேண்டுமாம். அப்படி எழுத எனக்கு ஏது அதிகாரம்? உண்மையிலேயே யாராவது அடுத்த வருஷம் வந்தால் இந்தத் தாளை நம்பி இவர் ஏமாறக் கூடாது. இதை விளக்கினேன். என் மனைவி குறுக்கே வந்து, "ஏங்க, அவங்க கேக்கறதை எழுதிக் குடுங்களேன்" என்றாள். நான் மறுத்துவிட்டேன். குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து நான் எழுதியது இவ்வளவுதான்: இந்த இடத்தில் கல் வைத்தவன் நான். என் குடும்பம் ஓர் இரவு தங்குவதற்காக வைத்தேன். நிலத்தை எடுக்க என்னை யாரும் அனுப்பவில்லை. கற்களை நானே அகற்றிவிட்டேன். தேதி, கையெழுத்து, தருமபுரி முகவரி.

அவர் தாளை வாங்கி, என்னிடம் கேட்காமல் மகளிடம் நீட்டினார். அவள் படித்தாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டார். பின்பக்கம் திருப்பி, அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேறு கரைக்குப் போக நேரமில்லை. தார்ப்பாயை எங்கே விரிக்கலாம் என்று நான்தான் கேட்டேன். நாடாவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்துக் கையை வீசிக் காட்டினார். "காலியாத்தான கெடக்குது. எங்க வேணும்னாலும் படுங்க."

நடுவில் ஓர் இடத்தில் விரித்தோம். செடி பிடுங்கிய குழிகள் மூடாமல் இருந்ததால் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. படுப்பதற்கு முன் என் மனைவி காய்ந்து சுருங்கிப்போன பிஞ்சுக் காய்களைக் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். எல்லாவற்றையும் ஒதுக்க முடியவில்லை.