பட்டியலில் இல்லாத அத்தை

ஒரு வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிது என்றுதான் ஒன்பது வயதில் நான் எண்ணியிருந்தேன். இரண்டாவது பொதுத் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, வாக்காளர் பட்டியல் எழுதுவதற்காகப் பள்ளிக்கூட வாத்தியார் வில்பட்டியில் வீடு வீடாக வந்தார். அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அப்பா பூண்டு மூட்டைகளோடு கொடைக்கானல் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

இப்படிப்பட்ட நேரங்களில் பதில் சொல்வது பிள்ளைகளின் பொறுப்பு. பெண்கள் கணவனின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்பினார்கள். என் அம்மாவின் பாடு மற்றவர்களுடையதைவிடச் சிரமமானது. அப்பாவுக்குப் பழனி ஆண்டவரின் பெயர். பழனி மலைத்தொடரிலேயே குடியிருந்துகொண்டு அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல் காலம் தள்ளினார் அம்மா. அந்தக் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களிடம் ‘சாமி ஊருக்கா போறீங்க’ என்று விசாரிப்பார்.

அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், இருவரின் உத்தேச வயது எல்லாவற்றையும் பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். இருபத்தொரு வயது நிறைந்தவர்கள் வேறு யாரும் உண்டா என்று கேட்டுவிட்டு, மேல் பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த பெண் யார் என்றார் வாத்தியார்.

“எங்க அத்தை சார். விருந்தாடி வந்திருக்காங்க.”

அவர் அதையும் குறித்துக்கொண்டு, நோட்டை மூடி அடுத்த வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்த அம்மாவும் அதைத் திருத்தவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அத்தையைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் அந்தப் பதில்தான் சொல்லப்பட்டது. பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கங்காணிக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். கங்காணி இன்னொருத்தியை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு, ஒரு தகரப்பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். தை பிறந்தால் போய்விடுவார் என்றார்கள். ஆறு தை பிறந்துவிட்டது. அவர் விருந்தாளியாகவே இருந்தார். விருந்தாளி என்ற அந்தச் சொல்லுக்குள்தான் குடும்பத்தின் கௌரவம் பத்திரமாக இருந்தது.

சில வாரங்களில் பட்டியலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். பெயர் விட்டுப்போனவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் தாலுகா கச்சேரியில் மனுக் கொடுக்கலாம் என்று அடியில் எழுதியிருந்தது. அத்தைக்கு எழுத்து தெரியாது. அவர் என்னை அழைத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டு பெயர்கள். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் இரண்டுதான். என் பேரை ஏன் எழுதவில்லை என்று அத்தை கேட்டபோது, வாத்தியாரிடம் நான் சொன்ன பதிலை எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் என் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டார். திட்டவில்லை.

அவருடைய பெயர் வேறோர் ஊரின் பட்டியலில் இருந்தது. முதல் தேர்தலுக்குப் பெயர் எழுதியபோது அவர் பெரும்பாறையில் இருந்தார். தேர்தல் வந்தபோது வில்பட்டிக்கு வந்துவிட்டார். அங்கிருந்து ஆரஞ்சு கொண்டுவரும் ஒருவர் பின்னொரு நாள் வேடிக்கைபோல ஒரு செய்தி சொன்னார். கங்காணியின் புதுமனைவி அத்தையின் பெயரைச் சொல்லிச் சாவடிக்குள் போனாளாம், விரலை நீட்டி மை வைத்துக்கொண்டாளாம், ஓட்டையும் போட்டுவிட்டு வந்தாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை.

பட்டியலைப் படித்த அன்று மாலை அத்தை அப்பாவிடம் தன் பெயரை இங்கே சேர்க்க வேண்டும் என்றார். அப்பா நல்லவர், ஆனால் பின்விளைவுகளை யோசிப்பவர். இங்கே பெயர் எழுதிவிட்டால் பெரும்பாறையோடு உறவை நாமே வெட்டிக்கொண்டதாகிவிடும், பிறகு யார் போய்ச் சமாதானம் பேச முடியும், நாளைக்கு இந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுக்கும்போது நாலு பேர் கேட்பார்களே என்றெல்லாம் அவர் சொன்னார். அந்தக் காலத்தில் அவை வெறும் சாக்குகள் அல்ல.

“ஒரு சீட்டுப் போடுறதுக்காகவா இம்புட்டும்?” என்றார் கடைசியில்.

“சீட்டுக்காக இல்லண்ணே. போன தடவ என் பேரச் சொல்லி அவ மை வெச்சுக்கிட்டா. இந்தத் தடவையும் வெச்சுக்கட்டுமா?”

 அப்பா தனக்குச் சோலி கிடக்கிறது, கச்சேரிக்கெல்லாம் வர முடியாது என்று மட்டும் சொன்னார். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை அத்தை கவனித்திருந்தார்.

மனுக் கொடுக்கக் கடைசி நாளன்று வெள்ளனே கிளம்பி, மஞ்சு மூடிய பாதையில் நானும் அத்தையும் கொடைக்கானலுக்கு ஏறினோம். தாள்களைப் படித்துச் சொல்ல நான் துணை. கச்சேரியில் ஐந்தாறு பேருக்குப் பின்னால் எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா வாத்தியாரின் குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, விருந்தாளியாக வந்தவர்களுக்கு வந்த இடத்தில் ஓட்டுக் கிடையாது, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் உண்டு என்றார்.

“ஆறு வருசமா அந்த வீட்டு அடுப்ப நான்தாங்க பத்த வெக்கிறேன்,” என்றார் அத்தை. “எந்த ஊர்லங்க விருந்தாடி களை எடுப்பா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, உங்க அத்தை ராத்திரி எங்க படுப்பாங்க?”

“எம் பக்கத்துல.”

“எத்தன நாளா?”

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வாத்தியாரிடம் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குத் தோன்றவில்லை. விருந்தாளியாக இருப்பதும் தினமும் என் பக்கத்தில் படுப்பதும் என்னளவில் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

அதன் பிறகுதான் சிக்கல் வந்தது. ஒருவர் பெயர் இரண்டு ஊர்களில் இருக்கக் கூடாது, பெரும்பாறையில் இருப்பதை நீக்கச் சொல்லி எழுத வேண்டும் என்று குமாஸ்தா விளக்கினார். அந்தப் பட்டியலில் அத்தை இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கும்; ஆகவே கணவர் பெயர் வேண்டும். இப்படிக் கேட்டுவிட்டுக் குமாஸ்தா வழக்கப்படி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த மனிதருக்குப் ‘பெரும்பாறைக்காரர்’ என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை. படித்த பிள்ளை என்று துணைக்கு வந்துவிட்டு விழிக்கிறேனே என்று காது சுட்டது.

“பிள்ளைக்குத் தெரியாதுங்க. நான் சொல்றேன், எழுதிக்கங்க.”

சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குமாஸ்தாவுக்குச் சரியாகக் காதில் விழாததால் இரண்டாம் முறையும், இன்னும் நிதானமாக, தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பின்னாலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“எழுதியாச்சுங்களா?”

“எழுதியாச்சும்மா.”

“அடிச்சுருங்க.”

அதை அடிக்க வேண்டியவர் அங்குள்ள அதிகாரி, இங்கிருந்து தாள் போகும் என்றார் குமாஸ்தா. புதிதாக எழுதும் இடத்தில் யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்டதற்கு, எங்கப்பா பேரைப் போடுங்கள் என்றார் அத்தை. பெருவிரலை உருட்டி வைத்தார்.

பத்து நாள் கழித்து வாத்தியார் விசாரணைக்கு வந்தார். இந்த முறை அப்பா வீட்டில் இருந்தார். வாத்தியார் அதே கேள்வியைக் கேட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தங்கச்சி இங்கதான் இருக்கு. எழுதிக்கங்க,” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தையைப் பற்றிப் பேசவில்லை.

தேர்தலன்று அம்மாவும் அத்தையும் ஒன்றாகப் போனார்கள். அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம். மறைவுக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். எந்தப் பெட்டி என்று அப்பா விசாரித்தபோது அம்மா சொல்லிவிட்டார். அத்தை, “அது பெட்டிக்குத் தெரியும்,” என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்த மாதங்களில் எனக்கிருந்த கவலை வேறு. அத்தை அந்தப் பெயரை ஒரு முறை அல்ல, இரண்டு முறை சொல்லியிருந்தார். ஒரு முறை சொன்னால் அவர் கணவரின் ஆயுளில் எத்தனை ஆண்டு குறையும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.  ஆரஞ்சுக்காரர் மலையேறி வரும்போதெல்லாம், பெரும்பாறையிலிருந்து சாவுச் செய்தி கொண்டுவருகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். முகம் தெரியாத அந்த மனிதருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அத்தையை என்ன நினைப்பாரோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அந்தக் குற்றத்தை ஒரு வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன். வாய் தவறிச் சொல்லிவிட்டார், பாவம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டார்களா என்று அவர் கேட்டு உறுதிசெய்துகொண்டது என் காதில் விழுந்திருந்தும், அது எனக்கு விளங்கவில்லை.