ஒரே மூச்சில் ஏழு தகப்பன்

சைராகுலுக்கு வாய் நீளம் என்று கிசில்-ஜார் என்ற அந்த மலையூரில் சொல்லாத ஆளில்லை. ஆனால் உடம்பு சுட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் மருந்தகத்தில் இருக்கும் செவிலி அவள் ஒருத்திதான். மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் கணவாயைத் தாண்டி நாரின் நகரத்துக்குப் போக வேண்டும், குளிர்காலத்தில் கணவாய் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அந்த வருஷம் சளிக்காய்ச்சல் ஊரையே சுருட்டிப் போட்டது. எல்லா வீட்டிலும் இருமல். இருமுகிறவர்களில் யார் நாலு நாளில் எழுந்து ஆட்டுக்குத் தீவனம் போடுவார், யார் மூச்சுக்குத் தவிப்பார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. எல்லாரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட முடியாது. ஏற்ற வேண்டியவரை விட்டுவிடவும் கூடாது.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "ஏழு தகப்பன் பேரச் சொல்லு. ஒரே மூச்சுல சொல்லணும்" என்பாள். தன் வம்சத்தில் ஏழு தலைமுறைப் பெயர் தெரியாத ஆண்பிள்ளையை அங்கே யாரும் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவார்கள். ஏழும் வந்தால் தேநீர், போர்வை, படுக்கை. நடுவில் மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ். பெண்களுக்கு வேறு சோதனை. சம்பந்தியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். சம்பந்தியைப் பற்றி ஒருத்தி இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் நுரையீரலில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

நாரினில் இருந்த மருத்துவர் ஆல்தினாய் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதான்க்கா. ஆனா வயசு, சர்க்கரை, தொப்பை மூணையும் சேத்துப் பாருங்க. விரல்ல ஆக்சிஜன் மானியையும் மாட்டுங்க. மூச்சு வாங்காமலே ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குற ஆளுங்க இருக்காங்க" என்றாள். சரி சரி என்றாள் சைராகுல். காதில் ஏறியதா என்பது வேறு கதை.

இப்படியிருக்கும்போது எசென்பெக் படுத்துவிட்டான். சைராகுலின் கணவனுடைய கடைசித் தம்பி. அக்கம்பக்கத்து ஏழு ஊரிலும் எந்தக் கல்யாணமானாலும் கூடாரத்தில் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவன் அவன்தான். ஐம்பது தாண்டி, சர்க்கரை வந்து, தொப்பையும் நன்றாகவே விழுந்தவன். அவளுக்கு மட்டும் அவன் 'குட்டித் தம்பி'. கணவன் வீட்டார் யார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அங்கே பழக்கம். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையனுக்கு வைத்த பட்டப்பெயர் அப்படியே நின்றுவிட்டது. அந்த வம்சத்தில் ஒரு பாட்டனாருக்குக் கிடாவின் பெயர். அதனால் சைராகுல் கிடாவைக்கூட 'கொம்பன்' என்றுதான் சொல்லுவாள்.

வருகிற சனிக்கிழமை எசென்பெக்கின் ஒரே மகனுக்குக் கல்யாணம். அவனுக்கு இருந்த கவலை காய்ச்சலைப் பற்றி இல்லை. "மகன் கல்யாணத்துல அப்பன் பேசலேன்னா ஊர் என்ன பேசும்?" என்பதுதான் கவலை.

விரலில் மானியை மாட்டினாள். எண் குறைவாகக் காட்டியது. "இப்பத்தான் தொழுவத்துலேருந்து வந்தேன் மதினி, கை சில்லிட்டுக் கெடக்கு" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

"சரி, ஏழு தகப்பனச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொல்லி முடித்தான். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மேடையில் பழகிய மூச்சு ஆயிற்றே. ஆல்தினாய் தொலைபேசியில், "அந்த வயசு, அந்தச் சர்க்கரை, அந்தத் தொப்பை... அனுப்பிருங்கக்கா" என்றாள். "ஏழும் சொல்லிட்டானே!" என்று சைராகுல் பெருமையாக வைத்துவிட்டாள்.

மருந்தகத்துக்குத் திரும்பும் வழியில் பாலம் வரை வந்துவிட்டாள். அங்கே கால் நின்றது. என்னவோ குறைந்தது.

அவன் அவளைக் கிண்டல் செய்யவில்லை.

மதினியைச் சீண்டாமல் கொழுந்தன் வாசலைத் தாண்ட விட்டதாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது. "ஊசி குத்த வந்தீங்களா மதினி, இல்ல எங்க வீட்டுப் போர்சோக்க எண்ண வந்தீங்களா?" என்று பொரித்த ரொட்டித் தட்டை ஒளித்து வைப்பான். இன்று தட்டு கண்ணெதிரே இருந்தது. அவன் அதை ஒளிக்கவில்லை. சைராகுல் பனியில் வழுக்கிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"எத்தன தடவ..."

"சொல்லுடா!"

சொன்னான். இந்தத் தடவை அவள் விரலை மடக்கினாள். ஐந்தோடு விரல் நின்றது. ஊரார் வம்சத்தில் ஒரு பாட்டன் குறைந்தால் உடனே பிடித்துவிடுவாள். கணவன் வம்சத்துப் பெயர்களோ நாக்கில் வரக்கூடாதவை. அதனால் காதும் அவற்றை மரியாதையோடு ஒதுங்கிப் போகவிடப் பழகியிருந்தது. அது தெரிந்துதான் பயல் இரண்டு பேரை விழுங்கியிருக்கிறான்.

"திருட்டுப்பயலே, ரெண்டு தாத்தன எங்கடா வித்த?"

"அவங்க... ஒண்ணும்... நெனச்சுக்க மாட்டாங்க."

கையைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து மறுபடி மானியை மாட்டினாள். எண் ஏறவில்லை. உதடு லேசாக நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து முற்றத்தில் நின்றது. எசென்பெக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏற மாட்டேன் என்றான். கல்யாணம் முடியட்டும் என்றான். அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். வீட்டார் எல்லாரும் சுற்றி நின்றார்கள், மாமியார் உட்பட. அவன் விட்டு விட்டுச் சொன்னான்:

"விட்டுப்போன... ரெண்டு பேர... நீங்க சொல்லுங்க மதினி. சொன்னா... ஏறுறேன்."

நடக்காத காரியம் என்று தெரிந்துதான் கேட்டான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பெயர்கள் அவள் உதட்டைத் தொட்டதில்லை. சைராகுல் மாமியாரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சாரிபாய்" என்றாள். பாதிக் குரலில்தான் வந்தது. "கோச்கோர்பாய்." கிடாவின் பெயர் கொண்ட பாட்டனாரேதான்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தாள்: "சத்தமாச் சொல்லுடி. அவனுக்குக் காது மந்தம்!"

"சாரிபாய்! கோச்கோர்பாய்! ஏறுடா வண்டியில!"

ஏறினான்.

பத்து நாளுக்கு மேல் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றாள் ஆல்தினாய். சைராகுல் எதிர்ப்பேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கையைத் தேய்த்துவிட்டு மானி, அப்புறம் வயசும் சர்க்கரையும் தொப்பையும், எல்லாம் முடிந்துதான் ஏழு தகப்பன். சொந்த வீட்டு ஆளானால் கேட்பதற்கு வேறொருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பாள்.

தள்ளிப்போன கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் வம்சத்தைச் சொல்ல எசென்பெக் எழுந்தான். பாதி உடம்பாக இளைத்திருந்தான். மூன்று பெயருக்குப் பிறகு நின்றான். மேடைக்காரனின் நிறுத்தம் என்று கூடாரம் கைதட்டியது. சைராகுலுக்கு மட்டும் தெரியும். ஐந்தாவதில் மறுபடி நின்றான். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மீதி ரெண்டு பேர எங்க மதினிகிட்டக் கேளுங்க, அன்னைக்கு எங்க முற்றத்துல நின்னு ஆடு மாடெல்லாம் மிரளுற மாதிரி அவங்க போட்ட கூச்சல்லதான் எனக்கு வந்த காய்ச்சலே பயந்து ஓடிப்போச்சு!"

கூடாரமே சிரித்தது. அத்தனையும் ஒரே மூச்சில் வந்திருந்தது. சைராகுல் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாய மூடுடா குட்டித் தம்பி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.