ஆரின் கட்டிய ரிப்பன்

குச்சியை மேலுதட்டில் வைத்து, கண்ணை மூடி, இடமும் வலமுமாக மெல்லத் தேய்க்கிறார் ஆரின் பெல்கி. எழுபத்து நான்கு வயது மனிதர் சாலையோரத்தில் நின்று கிளைக்கு முத்தம் கொடுக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. ஒரு பெண்மணி காரை நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தே விட்டார். தினமும் தபால் வண்டியோடு கட்லர் மலைச் சாலையில் போகிற எனக்கு இது பழகிப்போயிற்று.

"விரலெல்லாம் காச்சுப்போச்சு. உதடுதான் பொய் சொல்லாது," என்பார். மலை மேப்பிளின் இளங்குச்சியில் சாம்பல் நிறத்தில் பொடிரோமம் இருக்கும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வரி மேப்பிளின் குச்சி வழவழவென்றிருக்கும். ஜூனில் முன்னதன் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும், பின்னதன் கொத்து தொங்கும். இதைக் கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். கேட்டவர் என்று இதுவரை யாரும் இல்லை.

எங்கள் ஊரில் மேப்பிள் என்றால் மார்ச்சில் துளைபோட்டுப் பாகு காய்ச்சுகிற சர்க்கரை மேப்பிள்தான். பாகும் தராமல் பலகையும் தராமல் மூஸ் மானுக்குத் தீனியாகிற இந்த மலை மேப்பிள் குட்டையனை யாரும் மரமாக மதித்ததில்லை. ஆரினும் மதித்ததில்லை. முப்பத்தோரு வருடம் ஊர்ச் சாலைக் குழுவின் தலைவராக இருந்து, ஓரத்தில் முளைத்ததையெல்லாம் வெட்டித் தள்ளியவர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை கரையைக் கரைத்துக்கொண்டு அவர் மனைவி பெர்த்தின் பீன்ஸ் பாத்திவரை வந்துவிட்டது. நிழலில் நின்று ஈரமண்ணை இறுக்கிப் பிடிக்கிற மரம் எது என்று தேடியபோதுதான் ஞானம் பிறந்தது. அப்போது சாலையில் மிச்சம் இருந்தவை ஒன்பதே மரங்கள்.

விதையை ஈரமணலில் கலந்து குளிர்காலம் முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தார். வெண்ணெயில் மண் கடிக்கிறது என்றார் பெர்த். நூறில் முளைத்தவை நான்கு. செல்லமாக வளர்க்கிறேன் என்று மூன்றை நல்ல வெயிலில் வைத்துக் கருக்கினார். நான்காவதை, அந்த வருட விதையெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு, முயல் தின்றது. இனி அடுத்த செப்டம்பர் விதைதான் கதி.

போன அக்டோபரில், இலை உதிர்ந்தால் அடையாளம் தப்பிவிடுமே என்று, ஒன்பது மரத்திலும் ரிப்பன் கட்டினார். கொட்டகையில் கிடந்த பழைய ஆரஞ்சு ரிப்பன். நவம்பரில் சாலைக் குழு வந்தது. ஆரஞ்சு ரிப்பன் கட்டியதை அடியோடு வெட்டு, கேள்வி கேட்காதே என்பது அந்தக் குழுவின் முதல் விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவர் ஆரின்.

அவரிடம் வேலை பழகி இப்போது தலைவராக இருக்கும் டேரல், நான் தபால் கொடுக்கப் போனபோது ஆரின் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "முடிச்சு உங்க முடிச்சாட்டமே இருந்துச்சு பாஸ். அதான் வெட்டிட்டோம்."

ஆரின் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தரையோட சமமா வெட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார். டேரல் தலையாட்டினார். "அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

மே மாதக் கடைசியில் நான் தபாலோடு போனபோது, ஓர் அடிக்கட்டையின் முன் மண்டியிட்டிருந்தார். விரல் நீளத்துக்கு நான்கு துளிர்கள். குனிந்து உதட்டை வைத்துப் பார்த்தார். அதேதான் என்றார். இவை விதை கொடுக்க ஏழெட்டு வருடமாகும் என்றும் சொல்லிவிட்டு, விரல்விட்டுத் தன் வயதோடு எட்டைக் கூட்டிப் பார்த்தார்.

அப்போது சாலைக் குழுவின் லாரி வந்தது. டேரல் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன பாஸ் அது, என்ன மரம்?"

இத்தனை வருடத்தில் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆரின் ஏங்கிக் கிடந்த கேள்வி. அவர் தொப்பியைக் கழற்றித் துளிர்களின் மேல் கவிழ்த்தார். தொப்பியை மறைத்தாற்போல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல. முட்டி வலி. நீ போ."

லாரி வளைவில் திரும்பி மறைந்து, அதன் சத்தமும் அடங்கும்வரை அவர் தொப்பியை எடுக்கவில்லை.